இயந்திரக் கண்ணும் சிறு ஆலையும்



உலையில் அரிசியை இடுவதற்கு முன் நம் தாய்மார் அதனைச் சுளகில் இட்டுப் புடைப்பர். பதரும் உமியும் காற்றில் விலகும். பின்னர் அரிக்கன் சட்டியில் நீர் விட்டு அரிப்பர். பாரமான கல் சட்டியின் வரிகளிலே தங்க, அரிசி நீரோடு அடுத்த சட்டிக்குச் செல்லும். இவ்விரண்டிலும் அகப்படாத கறுத்த மணியையும் உரிபடாத நெல்லையும் கண்ணாற் பார்த்து விரலாற் பொறுக்குவர். தொழிற்சாலைகளில் தரப் பரிசோதனை என்று பெரிய பெயரால் வழங்கும் கலையின் பெரும்பகுதி இந்தச் சமையற்கட்டு வேலையினுள் அடங்கிவிடும். காற்றின் வேலையும் நீரின் வேலையும் இயந்திரங்களின் கைக்கு எப்போதோ போய்விட்டன. கண்ணின் வேலைதான் நெடுங்காலம் மனிதரிடமே தங்கியிருந்தது. அதுவும் இப்போது இயந்திரத்திடம் செல்கின்றது. அவ்வாறு செல்வதனால் திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த நம் மாவட்டத்துச் சிறு ஆலைகளுக்கு வரக்கூடிய நன்மை யாது, இடர் யாது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

துறைமுகத்தைச் சுற்றிப் பார்ப்பவருக்குப் பெருந்தொழில்கள் சில கண்ணிற் படும். 1957 இல் அமைக்கப்பட்ட கனிய மணல் கூட்டுத்தாபனத்தின் வழிவந்த தொழில் வடக்கே புல்மோட்டைக் கடற்கரையில் நடைபெறுகின்றது. சீனக்குடாவில் 1977 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி எழுந்து 1980 இல் இயங்கத் தொடங்கிய பிறிமா மா ஆலை, உலகின் மிகப் பெரிய கோதுமை மா ஆலைகளுள் ஒன்றாக எண்ணப்படுவது. 1982 இல் நிறுவப்பட்ட தோக்கியோ சீமெந்து நிறுவனமும் இதே குடாவின் கரையில் வெளிநாட்டிலிருந்து வரும் சீமெந்துக் கட்டிகளை அரைத்து விற்கின்றது.

இவற்றுள் ஒவ்வொன்றும் தரத்தைத் தன் தன் வழியிற் காண்கிறது. புல்மோட்டை மணலை எடுத்துக்கொள்ளுங்கள். கறுத்த இல்மனைற் மணி காந்தத்துக்கு இணங்கும். உருத்தைல் மணி காந்தத்துக்கு இணங்காது. ஆயின் மின்சாரத்தைக் கடத்தும். சிர்க்கோன் மணி அதனையும் செய்யாது. ஆகவே வலிய காந்தத்தின் மீதும், உயர் மின்னழுத்தம் ஏற்றிய உருளையின் மீதும் மணலை ஓடவிட்டால், கண் பாராமலே மூன்றும் மூன்று வழியாகப் பிரிந்துவிடும். மா ஆலைத் தொழிலிலோ தானியத்தின் புரதமும் ஈரமும் அகச்சிவப்பை அடுத்த ஒளியினால் அளக்கப்படுகின்றன. அமெரிக்க விவசாயத் திணைக்களத்தைச் சேர்ந்த கார்ல் நொரிஸ் என்பார் 1960களில் வளர்த்தெடுத்த முறை அது. பல மணி நேர இரசாயனச் சோதனை ஒரு நிமிடத்துக்குள் அடங்கிற்று. சீமெந்தின் கதை வேறு. அதன் வலிமையை அறியக் கட்டியாக வார்த்து, நீரில் ஊறவைத்து, 28 ஆம் நாள் உடைத்துப் பார்க்க வேண்டும். உடைத்த கட்டி மீளாது. எனவே அங்கே மாதிரி எடுத்துச் சோதித்தலே வழி.

பெருநிறுவனங்களுக்கு இவை இயலும். ஆய்வுகூடமும் படித்த உத்தியோகத்தரும் அவற்றின் செலவுக் கணக்கில் ஒரு சிறு வரி. ஆனால் கந்தளாய், கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் ஆகிய ஊர்களின் நெல் ஆலைகளை நினைத்துப் பாருங்கள். குளத்து நீரை நம்பி விளைவித்த நெல் வாசலில் வந்து குவிகிறது. அதனை அரிசியாக்கும் ஆலையும் அருகிலேயே உண்டு. இருந்தும் கிழக்கின் நெல்லில் ஒரு பகுதி அரிசியாகாமலே லொறியேறிப் பொலன்னறுவை முதலிய இடங்களின் பெரிய ஆலைகளுக்குச் செல்வது யாவரும் அறிந்ததே. காரணங்கள் பல: கையில் முதலின்மை, களஞ்சியமின்மை, கடன். ஆயினும் ஒரு காரணம் நம் இன்றைய பொருளுக்கு உரியது. கொழும்புக் கடைக்காரர் பொலித்தீன் பையினூடே பார்த்து வாங்குகிறார். பையிற் பத்துக் கறுப்பு மணி தெரிந்தால் அவர் விலையைக் குறைப்பார். கல் ஒன்று அகப்பட்டால் அடுத்த முறை வாங்கமாட்டார். அரிசி உண்ணத் தகுந்ததா என்பது ஒரு கேள்வி. ஒரே தன்மையாய் இருக்கிறதா என்பது மற்றொன்று. சந்தை கேட்பது பின்னதையே. நல்ல நெல்லை வைத்துக்கொண்டு அந்த ஒருமையைக் காட்ட இயலாத ஆலை கூலிக்குக் குத்தும் ஆலையாகவே இருந்துவிடுகிறது.

அரிசியைக் கண்ணாற் பொறுக்கி ஒருமையாக்க முடியாதோ எனின், கணக்கைப் பார்ப்போம். அரிசி மணிகள் ஆயிரத்தின் நிறை ஏறத்தாழ 20 கிராம். அப்படியாயின் ஒரு தொன் அரிசியில் ஐந்து கோடி மணிகள் இருக்கும். ஒரு மணியை ஒரு விநாடி பார்ப்பதென்றாலும், இரவு பகல் உறங்காது பார்த்தால் ஒரு தொன்னுக்கு 578 நாட்களுக்கு மேல் வேண்டும். வீட்டுச் சுளகில் முடிந்தது ஆலையில் முடியாமற் போவது இதனாலேதான். அன்றியும் மனிதக் கண் களைக்கும். காலையிற் கண்ட பழுதை மாலையிற் காணாது. ஒருவர் பழுதென்று தள்ளியதை மற்றொருவர் நன்றென்று சேர்ப்பார்.

இந்தத் துன்பத்தைப் பிற நாட்டார் முன்பே உணர்ந்தனர். 1930களில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் அவரையின விதைகளைப் பொறுக்குதற்கு ஒளிமின்கலம் பூட்டிய இயந்திரங்கள் தோன்றின. விதை ஒன்று ஒளியின் முன்னே செல்லும். அதிலிருந்து தெறிக்கும் ஒளி குறைந்தால் மின்னோட்டமும் குறையும். உடனே ஒரு விசை அதனைத் தள்ளிவிடும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இலண்டனில் சோர்ட்டெக்ஸ் என்ற பெயரால் இவ்வகை இயந்திரங்கள் செய்யப்பட்டன. யப்பானிய சற்றாக்கே நிறுவனமும் அரிசிக்கென்றே இத்துறையிற் புகுந்தது. 1969 இல் அமெரிக்க பெல் ஆய்வுகூடத்தில் வில்லார்ட் போயில், ஜோர்ஜ் சிமித் என்ற இருவர் ஒளியை மின்னேற்றமாகச் சேர்த்து வரிசையாக வாசிக்கும் சிறு சில்லொன்றைக் கண்டுபிடித்தனர். அதற்காக 2009 இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு அவர்களைச் சேர்ந்தது. அந்தச் சில்லு வந்த பின்னரே இயந்திரத்துக்குக் கண் என்று சொல்லத்தக்க ஓர் உறுப்பு உண்டாயிற்று.

இன்று நிறம்பிரி இயந்திரம் என்று ஆலைக்காரர் வழங்கும் பொறி எவ்வாறு தொழிற்படுகிறது என்பதைச் சற்று விரிவாகக் கூற விரும்புகிறேன். அதன் அழகு அதன் விரைவில் இருக்கிறது. மேலே ஒரு தொட்டி. அதன் அடியில் அதிரும் தட்டு. தட்டிலிருந்து அரிசி, சரிவாக நிற்கும் தகட்டின் வாய்க்கால்களில் இறங்கி ஓடும். ஏறக்குறைய ஒரு மீற்றர் தூரம் சறுக்கும்போது மணிகள் ஒன்றன்பின் ஒன்றாய் இடைவெளி கொண்டு, விநாடிக்கு மூன்று மீற்றர் அளவான வேகத்தைப் பெறும். தகட்டின் முடிவில் அவை வெளியிற் பாயும் கணத்தில் முன்னும் பின்னும் இரு கமராக்கள் அவற்றைப் பார்க்கும். மணிக்கு ஒரு தொன் ஓடும் இயந்திரத்தில் விநாடிக்குப் பதினான்காயிரம் மணிகள்! ஆறு மில்லிமீற்றர் நீளமுள்ள ஒரு மணி கமராவின் பார்வைக் கோட்டைக் கடக்க எடுக்கும் நேரம் விநாடியில் ஐந்நூற்றில் ஒரு பங்கு. அதற்குள் அதன் நிறத்தை அளந்து, வைத்திருக்கும் எல்லையோடு ஒப்பிட்டு, தீர்ப்புச் சொல்லி, சில அங்குலம் கீழே மணி வரும்போது காற்றுக் குழாயின் அடைப்பைத் திறந்து ஊத வேண்டும். கறுத்த மணி தன் பாதையை விட்டுச் சற்றே விலகி வேறு பீலியில் விழும். காற்றினாலே புடைத்தல் என்ற பழைய சுளகின் வேலைதான் இது. ஆனால் ஒவ்வொரு மணிக்கும் ஒரு சுளகு.

ஊதும் காற்று குற்றவாளியை மாத்திரம் தள்ளுவதில்லை. பக்கத்தில் வந்த நல்ல மணிகள் சிலவற்றையும் கொண்டு போகும். ஆகையால் தள்ளுண்ட குவியலை மீண்டும் ஒரு முறை ஓடவிடுவது வழக்கம். இதனை அறியாது வாங்கிய ஆலைக்காரர், கழிவுச் சாக்கிலே நல்லரிசி கிடப்பதைக் கண்டு இயந்திரத்தை ஏசுவதுண்டு.

இலங்கையின் தேயிலைத் தொழிற்சாலைகள் தண்டையும் நாரையும் தூளிலிருந்து பிரிக்க இத்தகைய இயந்திரங்களைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகின்றன. பெரிய அரிசி ஆலைகளிலும் இவை இல்லாமல் இல்லை. சிறு ஆலைக்கு இது எட்டாதிருந்ததற்குக் காரணம் விலையே. ஆனால் கடந்த சில பத்தாண்டுகளில் நிலைமை மாறிற்று. சீனாவின் ஹெஃபெய் நகரில் இவ்வியந்திரங்களைச் செய்யும் நிறுவனங்கள் பெருகிப் போட்டியிட்டதனால் விலை இறங்கிற்று. அதனினும் பெரிய மாற்றத்தைச் செய்தது நம் சட்டைப் பையில் இருக்கும் கைத்தொலைபேசி. அதற்கென்று கோடிக்கணக்கிற் செய்யப்பட்ட கமராச் சில்லுகள் மலிந்தன. அவற்றின் பின்னே நின்று கணக்கிடும் நுண்கணினிகளும் மலிந்தன. 2012 இல் இங்கிலாந்தில் மாணவருக்கென வெளிவந்த ராஸ்பெரி பை என்னும் உள்ளங்கை அளவான கணினியின் அன்றைய விலை 35 டொலர். முன்பு ஓர் அறையை அடைத்திருந்த சாமர்த்தியம் இன்று சவர்க்காரக் கட்டியளவுப் பெட்டியில் இருக்கிறது.

விலை குறைதல் ஒரு பாதி; இணங்கிப்போதல் மறு பாதி. பழைய இயந்திரம் ஒரே குணமுள்ளது. வெள்ளை நாட்டரிசிக்கு எல்லை வைத்தால், அதற்குச் சிவப்பு மணி பழுது. அடுத்த நாள் சிவப்பரிசி ஓட்டவேண்டுமாயின் அங்கே வெள்ளை மணியே பழுது! கீரிச் சம்பாவின் சிறு மணி, நாட்டரிசியின் குறுணியை ஒத்திருக்கும். புழுங்கலரிசியின் மஞ்சள் சாயல் பச்சையரிசியில் நோயாகும். பழுது என்பது பொருளில் மாத்திரம் உள்ளதன்று. வாங்குவோனும் விற்போனும் செய்துகொண்ட இணக்கத்தில் உள்ளது. பெரிய ஆலை ஓர் இனத்துக்கு ஓர் இயந்திரம் என வைத்துக்கொள்ளும். ஒரு நாளில் மூன்று கமக்காரரின் மூன்று வகை நெல்லைக் குத்தும் சிறு ஆலைக்கு ஓரியந்திரம் மூன்று குணமும் உடையதாய் இருத்தல் வேண்டும்.

ஆடைத் தொழிலில் இந்த வேண்டுதல் இன்னும் கடுமையானது. அங்கே துணிச்சுருளைப் பார்ப்பதற்கு நான்கு புள்ளி முறை என்று ஒன்றுண்டு. பழுது மூன்று அங்குலத்துக்கு உட்பட்டால் ஒரு புள்ளி, ஒன்பது அங்குலத்தைக் கடந்தால் நான்கு புள்ளி. சுருளின் மொத்தப் புள்ளி எல்லையை மீறினால் திருப்பியனுப்புவர். விளக்கு மேசையின் முன்னே நின்று இதனைச் செய்யும் பெண்கள் இவ்வாரம் நீலத் துணியையும் அடுத்த வாரம் கோடிட்ட துணியையும் காண்பர். அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியது மிகச் சிறிதே. நல்ல துணியைக் கண்டாலே பழுதை அறிவர். இயந்திரத்துக்கு இந்த அறிவு நெடுங்காலம் வரவில்லை.

அது வந்த விதத்தையும் சொல்லவேண்டும். முன்பெல்லாம் பொறியியலாளர் ஒருவர் உட்கார்ந்து, இன்ன நிறம், இன்ன நீளம், இன்ன வடிவம் எனப் பழுதுக்கு இலக்கணம் எழுதுவார். இலக்கணத்துக்கு அடங்காத பழுது தப்பிவிடும். 2012 இல் கனடாவின் தொறொன்றோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூவர், இலட்சக்கணக்கான படங்களை உதாரணமாகக் காட்டியே ஒரு கணினி வலையமைப்பைப் பயிற்றி, படங்களை இனங்காணும் போட்டியிற் பிறரை வெகுதூரம் பின்தள்ளினர். அவர்களுள் மூத்தவரான ஜெப்ரி ஹின்ரன் 2024 இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இலக்கணம் எழுதுவதை விட்டு உதாரணம் காட்டும் வழி அன்றுமுதல் தொழிற்சாலைக்குள்ளும் புகுந்தது. மேலும் ஒரு வசதி பின்னர் வந்தது. தொழிற்சாலையில் நல்ல பொருள் நிறையக் கிடைக்கும். பழுதான பொருள் அரிது. ஆகவே நல்லதை மாத்திரம் சில நூறு படங்களாகக் காட்டி, அதற்கு மாறானதெல்லாம் ஐயத்துக்குரியது என்று கொள்ளும்படி இயந்திரத்தைப் பழக்கலாம். விளக்கு மேசைப் பெண்ணின் அறிவுக்கு ஓரளவு அண்மையில் வருகின்ற முறை இதுவே.

எனினும், சிறு கணினியையும் கமராவையும் வாங்கிவிட்டால் காரியம் முடிந்தது என்று நினைப்பவர் ஏமாறுவர். என் மதிப்பில் இவ்வேலையிற் பாதிக்கு மேற்பட்டது வெளிச்சம். காலை வெயிலில் பழக்கிய இயந்திரம் மாலை நிழலில் எல்லாவற்றையும் பழுதென்று தள்ளும். கீறலைக் காணப் பக்கத்திலிருந்து சாய்ந்து விழும் ஒளி வேண்டும். துளையைக் காணப் பின்னிருந்து வரும் ஒளி வேண்டும். பொலித்தீன் பைக்கோ பளபளப்பற்ற பரவொளி வேண்டும். ஆதலால் கமராவையும் விளக்கையும் ஒரு பெட்டியினுள் அடைத்து வெளிச்சூரியனைத் தடுத்துவிட வேண்டும். அடுத்தது எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க வேண்டும் என்ற கணக்கு. இருநூறு மில்லிமீற்றர் அகலமான பையின் மேல் மில்லிமீற்றரில் ஐந்தில் ஒரு பங்கான புள்ளியைக் காண வேண்டுமாயின், அப்புள்ளியின் மேல் மூன்று படப்புள்ளிகளாவது விழ வேண்டும்; எனவே அகலத்துக்கு மூவாயிரம் படப்புள்ளி போதும். சாதாரணக் கைத்தொலைபேசிக் கமராவே இதற்கு மேற்பட்டது. தேவைக்கு மீறிய கமராவை விற்க வருபவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லி அனுப்பிவிடலாம்.

நம் மாவட்டத்துக்கென்று சில இடர்களும் உண்டு. உப்புக் காற்று செப்புக் கம்பி முனைகளைப் பச்சை பூக்கச் செய்யும். நெல் ஆலையின் உமித்தூசி கண்ணாடியில் மணிக்கு மணி படியும். மின்சாரம் ஏறி இறங்கும். காற்றமுக்கியின் அமுக்கம் தாழ்ந்தால் ஊதுவாய் ஊதும், ஆனால் மணி விலகாது. பிறநாட்டு விளம்பரத் தாள்களில் இவை காணப்படா.

இனிப் பிழைகளின் கணக்கு. இதனைக் கவனமாகக் கேட்குமாறு வேண்டுகிறேன். ஆயிரம் பொதிகளிற் பத்துப் பழுது என்று வைத்துக்கொள்வோம். நம் இயந்திரம் பழுதான பத்தில் ஒன்பதைப் பிடிக்கும். நல்லவற்றுள் நூற்றுக்கு இரண்டை மாத்திரம் தவறாகத் தள்ளும். கேட்பதற்கு மிகச் சிறந்த இயந்திரமாகத் தோன்றுகிறதன்றோ? நல்ல பொதிகள் 990. அவற்றில் நூற்றுக்கு இரண்டு ஏறக்குறைய இருபது. ஆகத் தள்ளுண்ட பொதிகள் 29. அவற்றில் இருபது நல்லவை! தள்ளப்பட்ட மூன்றில் இரண்டு குற்றமற்றவை. இயந்திரத்தின் தீர்ப்பை முடிந்த முடிபாகக் கொண்டு அத்தனையையும் கழித்தால் ஆலைக்காரர் நட்டப்படுவார். தள்ளப்பட்ட 29 பொதிகளை மாத்திரம் ஒரு மனிதக் கண் திரும்பப் பார்த்தால், இருபதும் மீளும். பார்க்கும் வேலையோ ஆயிரத்திலிருந்து இருபத்தொன்பதாகக் குறைந்திருக்கும். இயந்திரம் சந்தேகப்பட, மனிதர் தீர்மானிப்பது என்ற இந்த ஒழுங்கே சிறு தொழிலுக்கு ஏற்றதென நான் கருதுகிறேன்.

கமராவுக்குத் தெரியாதவையும் பல. அரிசியின் மேற்றோற்றத்தைக் காணும் கண், மணியின் உள்ளீரத்தைக் காணாது. பூஞ்சண நஞ்சு கண்ணுக்குத் தெரியும் நிறமாற்றமின்றியும் இருக்கக்கூடும். மீனின் வெளிப்புறம் பளபளத்தாலும் உள்ளே ஹிஸ்ரமின் சேர்ந்திருக்கலாம். சீமெந்துப் பையின் அச்சையும் தையலையும் இயந்திரம் சரிபார்க்கும். 28 ஆம் நாள் வலிமையைச் சொல்லாது. 1964 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தராதரப் பணியகத்தின் பணி, 1984 ஆம் ஆண்டின் சட்டத்தால் இலங்கைக் கட்டளைகள் நிறுவகத்தின் கைக்கு வந்தது. அந்நிறுவகத்தின் தராதரங்கள் கேட்கும் சோதனைகளுக்குக் கமரா பதிலாகாது. இதனை மறைத்து விற்போர் உளர்.

இன்னொரு பயன் உண்டு. அதனைப் பலர் கவனிப்பதில்லை. 1924 ஆம் ஆண்டு மே மாதம் 16 ஆம் நாள் அமெரிக்காவில் வோல்ற்றர் சிவார்ட் என்பவர் தம் மேலதிகாரிக்கு ஒரு பக்க அளவான குறிப்பொன்றை அனுப்பினார். பழுதின் அளவைக் காலத்தோடு வரைபடமாக இட்டு, இரு எல்லைக் கோடுகளை வரைந்து, கோட்டைக் கடக்கும்போது மாத்திரம் காரணம் தேடுங்கள் என்பது அதன் சாரம். பழுதை எறிவதைவிடப் பழுது பிறக்கும் இடத்தைக் காண்பது மேல் என்ற எண்ணம் அதிலிருந்து பரவிற்று. நிறம்பிரி இயந்திரம் மணிக்கு எத்தனை முறை ஊதிற்று, எந்த வகைக்காக ஊதிற்று என்ற எண்ணிக்கையை வைத்திருக்கும். மஞ்சள் மணி பெருகினால், ஈர நெல் குவியலாகக் கிடந்து சூடேறியிருக்கிறது என்பது பொருள். உடைந்த மணி பெருகினால், கொதிக்கும் வெயிலில் விரைந்து உலர்த்தியதையோ உருளையின் இறுக்கத்தையோ பார்க்க வேண்டும். கறுப்புப் புள்ளி மிகுந்தால் வயலிற் பூச்சி குத்தியிருக்கும். எல்லா மணியும் ஒரேயடியாகப் பழுப்பானால் ஊறற்றொட்டியில் நெல் அளவுக்கு மிஞ்சி ஊறியிருக்கும். இவ்வளவையும் பழைய ஆலைக்காரர் மூக்காலும் நாக்காலும் அறிந்தனர். ஆனால் அரிசி பையேறிய பின்னரே அறிந்தனர்.

இதே எண்ணிக்கை கமக்காரருக்கு எதிராகவும் திரும்பலாம். நெல் கொண்டுவந்தவரிடம், உன் நெல்லில் இத்தனை வீதம் பழுது என்று இயந்திரம் சொல்கிறது என ஆலைக்காரர் சொன்னால், அவர் என் செய்வார்? தராசு தவறானால் படிக்கல் வைத்துச் சோதிக்கலாம். கமராவின் தீர்ப்பைச் சோதிக்கும் படிக்கல் அவர் கையில் இல்லை. ஆகவே இயந்திரக் கண்ணால் விலை தீர்மானிக்கப்படும் இடங்களில், தள்ளப்பட்ட மணிகளை ஒரு தட்டிற் போட்டுக் கமக்காரருக்குக் காட்டுதல் கட்டாயமாக வேண்டும். அளவைகளுக்கும் நிறுவைகளுக்கும் சட்டம் இருப்பதுபோல் இதற்கும் ஒன்று நாளை வேண்டிவரும்; அது வருமுன் கூட்டுறவுச் சங்கங்கள் தாமே இந்த வழக்கத்தை ஏற்படுத்தலாம்.

பொறுக்கும் வேலை செய்த பெண்களின் பிழைப்பு என்னாகும் என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க நான் விரும்பவில்லை. நாட்கூலிக்கு நிலத்திலிருந்து அரிசி பொறுக்குபவருக்கு அந்தக் கூலிதான் அடுப்பெரிக்கும். இயந்திரம் வந்தால் சிலருக்கு அவ்வேலை போகும் என்பது உண்மை. இல்லை என்பவர் முகமன் சொல்கிறார். ஆனால் நெல் லொறியேறிப் போய்விட்டால் அந்த ஊரில் எவருக்கும் ஆலைவேலை இல்லை என்பதும் உண்மையே. இயந்திரத்துக்கு உதாரணம் காட்டுவதற்கு, இது பழுது, இது பழுதன்று என்று பத்தாயிரம் மணிகளைப் பிரித்துக் கொடுப்பவர் வேண்டும். அந்தத் திறமை பொறியியலாளரிடம் இல்லை. பொறுக்கும் பெண்ணிடம் இருக்கிறது. இயந்திரத்தைப் பழக்குபவராகவும், தள்ளப்பட்டதைத் திரும்பப் பார்ப்பவராகவும் அவருக்கு இடம் கொடுத்து, அதற்குரிய கூலியையும் உயர்த்திக் கொடுக்கும் ஆலைக்கே நல்ல இயந்திரம் வாய்க்கும். அனுபவமற்ற ஒருவர் பிரித்துக் கொடுத்த உதாரணங்களால் பழகிய இயந்திரம் அவருடைய அறியாமையையே விநாடிக்குப் பதினான்காயிரம் முறை செய்துகொண்டிருக்கும்.

நம் மாவட்டத்தில் இதற்கு வழியுண்டா? கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. கணினி விஞ்ஞானம் அங்கே கற்பிக்கப்படுகிறது. இறுதியாண்டு மாணவர் ஒவ்வொருவரும் செயற்றிட்டம் ஒன்று செய்தாக வேண்டும். அவருள் இருவர் ஆறு மாதம் கிண்ணியாவின் ஆலையொன்றில் வந்து தூசியில் நின்றால், ஆலைக்கு ஓர் இயந்திரமும் மாணவருக்கு ஒரு தொழிலும் கிடைக்கக்கூடும். நான்கு சிறு ஆலைகள் கூடி ஒரு நிறம்பிரி இயந்திரத்தை வாங்கி முறைவைத்து ஓட்டுவதும் இயலாததன்று. முன்பு உழவு இயந்திரத்தை ஊருக்குப் பொதுவாக வைத்திருந்த சங்கங்களை முதியோர் நினைவுகூர்வர். தொடங்குவோர் எல்லாப் பழுதையும் ஒருங்கே பிடிக்க முற்படாமல், விலையை அதிகமாகக் குறைக்கும் ஒரே ஒரு பழுதை, கறுப்பு மணியை மாத்திரம் எடுத்துக்கொண்டு தொடங்குதல் நன்று.

ஓட்டத் தொடங்கிய பின் செய்யவேண்டிய ஒரு சிறு வேலை உண்டு. அதற்குச் செலவு ஒன்றுமில்லை. நாள்தோறும் காலையில், பழுதென்று தெரிந்த நூறு மணிகளை எண்ணி எடுத்து, ஒரு கிலோ நல்லரிசியிற் கலந்து இயந்திரத்தில் ஓடவிட வேண்டும். தள்ளுண்ட பீலியில் எத்தனை வந்தன என்று எண்ணி, நாட்குறிப்பில் திகதியோடு எழுதிவைக்க வேண்டும். நேற்று 94 வந்தது இன்று 70 ஆகக் குறைந்திருந்தால், கணினியைத் திறப்பதற்கு முன், நிபுணரைக் கொழும்பிலிருந்து அழைப்பதற்கும் முன், உலர்ந்த மென்துணி ஒன்றை எடுத்துக் கமராவின் முன்னுள்ள கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலும் அதிலே உமித்தூசி படிந்திருக்கும்.